மலைச் சாலை மூடப்பட்டுள்ளது

பேருந்து நிலையத்தில் காலையின் முதல் அறிவிப்பு அவளுடைய குரலில்தான் வரும். மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. மேசைமேல் மைக், ஒரு குவளை தண்ணீர், தொண்டைக்கு ஒரு டப்பா மிட்டாய். பொத்தானை அழுத்துமுன் அவள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். 'இன்னிக்கு வண்டி ஏறுற எல்லாரையும் பத்திரமா கொண்டு சேர்த்துடு, கடவுளே.' வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். கீழே நிற்கும் பயணிகள் யாருக்கும் அது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் சொல்லவேண்டியிருந்தது இதுதான்:

"பயணிகள் கவனத்திற்கு. மலைச் சாலை மூடப்பட்டுள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை மலைக்குச் செல்லும் பேருந்துகள் இயங்கமாட்டா."

அந்தச் சாலையின் மறுமுனையில் அவளுடைய தம்பி இருந்தான்.

மலை முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு வானிலை நிலையம். காற்றையும் பனியையும் அளந்து கீழே அனுப்புவது அங்கே வேலை. தம்பியும் அவன் மனைவியும் பல வருஷங்களாக அதைச் சேர்ந்து பார்த்துவந்தார்கள். அவன் கருவிகளைப் படிப்பான், அவள் எழுதி அனுப்புவாள். போன வசந்தத்தில் அவள் ஒரு காய்ச்சலில் இறந்துபோனாள். இலையுதிர்காலம் வந்தபோது, தனியாக மேலே போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் போனான். துணைக்கு ஆள் கிடைத்ததும் அனுப்புகிறோம் என்றது அலுவலகம். ஆள் கிடைப்பதற்குள் மழையில் ஒரு வளைவின் தடுப்புச்சுவர் இடிந்து விழுந்தது. அதன்மேல் பனி விழுந்தது. சாலையை மூடிவிட்டார்கள்.

தொலைபேசி மட்டும் வேலை செய்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

சின்ன வயதிலிருந்தே அவன் எதற்கும் ஒப்புக்கொண்டவன் அல்ல. மழை பெய்கிறது என்றால் "எங்க, காட்டு" என்பான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் "யாரு போய்ப் பாத்தா?" என்பான். அக்காவும் தம்பியும் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்துச் சன்னலைத் திறந்து பார்ப்பார். இப்போது அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னான்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிறியா?"

"சரிக்கா."

"நேரத்துக்குச் சாப்பிடுடா."

"சரிக்கா."

ஒரு நாள் அவனைச் சோதித்துப் பார்த்தாள். "ஏண்டா, நீ சின்ன வயசுல எவ்வளவு சாது! யார் பேச்சையும் தட்டினதே இல்லையே."

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் சொன்னான்: "சரிக்கா."

அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அவள் கணவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் மேல போகணும்."

"எந்த மேல?"

"தம்பிகிட்ட. அவன நேர்ல பாக்கணும். பக்கத்துல உக்காந்து ஒரு வேளையாவது சாப்பிட வைக்கணும்."

"ரோடு மூடியிருக்கே."

"அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான்தானே சொல்றேன்!"

அவர் பாதி உரித்த முட்டையை வைத்துவிட்டுக் காகிதத்தையும் பென்சிலையும் தேடினார். கோபமாக இருக்கும் மனைவியிடம் ஏன் என்று கேட்காமல் எப்படி என்று யோசிக்கிற ஆண்கள் குறைவு. அவர் அந்தக் குறைவான பேரில் ஒருவர்.

பணிமனையில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுவது அவர் வேலை. எந்தப் பயணத்திலும் கொஞ்சம் நேரம் கூடுதலாகச் சேர்த்து வைப்பார். கடைக்குப் போனால் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே அதன் எதிரில் நிற்கிற மனிதர். இந்த மலைப்பயணத்துக்கும் அவர் அட்டவணைதான் போட்டார். மலையின் பின்பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கேவரை பேருந்தில் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் முகட்டின்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கினால் வானிலை நிலையம்.

"வரைபடத்துல இவ்வளவுதான் இருக்கு," என்று கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"உங்க கட்டைவிரலுக்கு என்னங்க, அது பனியிலயா நடக்குது?"

ஆலோசனைக்கு அவளுடைய பெரியப்பா மகனைக் கூப்பிட்டார்கள். அவர் பேருந்து ஓட்டுநர். ரகசியம் பேசினாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும் என்பதால் பணிமனையில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். மலைச் சாலையில் பல வருஷம் வண்டி ஓட்டியவர்.

"அந்த ரோடு எனக்கு உள்ளங்கை மாதிரி," என்றார் ஹாரன் அண்ணன். "மூடினா மூடினதுதான். ஈ காக்கா போகாது. மாப்ள சொல்ற பின்பக்க வழிதான் ஒரே வழி. ஆனா அதுவும் முடியாது."

"அப்ப எதுக்குண்ணே ஒரே வழின்ற?"

"வழி ஒண்ணுதான். அதுவும் முடியாது. ரெண்டும் உண்மைதானே?"

குளிர்காலம் இப்படியே நகர்ந்தது. முள் வைத்த பனிக்காலணிகளை வாடகைக்கு எடுத்தார்கள். கடையில் பெரிய அளவு மட்டும்தான் இருந்தது. கணவர் அலுவலகத்திலிருந்து பழைய காகிதம் கொண்டுவந்து முனையில் அடைத்தார். பழகுவதற்காக முதுகுப்பையில் இரும்புச் சாமான்களைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி ஏறி இறங்கினார்கள். டீ குடித்துக்கொண்டு நின்ற நடத்துநர்கள் கைதட்டினார்கள். "மைக் அக்கா, எந்த பஸ்ஸ விட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வழிகாட்டி போனிலேயே மறுத்துவிட்டார். "பனிக்காலத்துல அந்த முகடு வேணாம்மா. என் பொண்டாட்டி என்னை விடமாட்டா." இரண்டாவது வழிகாட்டி ஒப்புக்கொண்டு, தேதி குறித்து, முந்தின நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர்மேல் அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. மனதுக்குள் அவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் என்பது சாதாரணமல்ல என்று அவளுக்குத் தெரியாதா?

வழிகாட்டி எழுந்து உட்கார்ந்ததும் வேறொன்று முளைத்தது. பின்பக்கப் பள்ளத்தாக்குக்குப் போகும் பேருந்து குளிர்காலத்தில் கிடையாதாம். அதை அவளுக்குச் சொன்னவர் ஹாரன் அண்ணன்.

"யாரு நிறுத்தினா?" என்றாள் அவள்.

அண்ணன் சாப்பாட்டு மேசையின் அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அங்கே கணவர் தன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பயணிகளே இல்ல," என்றார் மெதுவாக. "காலியாப் போய்க் காலியா வந்துச்சு. அதான் இந்த சீசன் அட்டவணையில எடுத்துட்டேன்."

"எப்ப?"

"மழைக்காலத்துல."

"அத மறந்துட்டு இத்தனை நாளா அந்த பஸ்ஸ வச்சே திட்டம் போட்டீங்களா?"

"பழைய அட்டவணைதான் மனசுல இருந்துச்சு."

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். அது வைத்த சத்தமா, போட்ட சத்தமா என்று சொல்ல முடியாது. "உங்க திட்டமும் வேணாம், அந்த முகடும் வேணாம். ரோட்ட மூடியிருக்கிற கேட்டுக்கே நான் போறேன். தொறங்கடா, என் தம்பி உள்ள இருக்கான்னு கத்தப்போறேன். யாராவது கேக்கமாட்டாங்களா?"

"கேட்ல யாரும் இருக்கமாட்டாங்க," என்றார் அண்ணன்.

"அப்ப கேட்டப் பாத்துக் கத்துறேன்!"

அண்ணன் தன் சின்னக் காரின் சாவியை எடுத்தார். கத்தப் போகிறவளைத் தனியாக விட முடியாது என்று நினைத்திருக்கலாம். அவரிடமும் ஈரம் உண்டு, சத்தத்துக்கு அடியில். கணவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஊர் முடிந்து மலை தொடங்கும் இடத்தில், சாலைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இரும்புத் தடுப்பு கிடந்தது. நடுவில் பூட்டு. பூட்டின்மேல் பனி. பக்கத்தில் பலகை. அதில் அவள் தினமும் மைக்கில் வாசிக்கும் அதே வாக்கியம், பெரிய எழுத்தில். அவள் இறங்கிப் போய்த் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பனி உதிர்ந்து அவள் முகத்திலேயே விழுந்தது. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பின்னால் அண்ணன், தன் பங்குக்கு ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

தடுப்பின் ஓரத்திலிருந்து ஒரு நாய் ஓடிவந்தது. அதன் பின்னால் காய்கறிப் பையோடு ஒரு பெண்.

"யாருக்கு ஹாரன் அடிக்கிறீங்க? இங்க தொறக்க ஆள் கிடையாது."

"நீங்க எப்படி உள்ள போனீங்க?" என்றாள் அவள்.

"உள்ள போகலியே, வெளிய வர்றேன். கடைக்குப் போகணும். மேல சாலைப் பணியாளர் குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். பனி தள்ளுற மெஷினுக்கு என் வீட்டுக்காரர்தான் காவல்."

"ரோடு மூடியிருக்கே!"

"ஆமா, வண்டிக்கு," என்றாள் அந்தப் பெண். "காலுக்கு யாரு மூடுவா?"

தடுப்பின் ஓரத்தில் ஒரு ஆள் தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. அதன் வழியே பனியில் மிதித்து மிதித்து இறுகிய தடம், நேராக மேலே போயிற்று.

மூன்று பேரும் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மூன்று பேரின் பிழைப்பும் சக்கரத்தின்மேல் ஓடுவது. ஒருவர் வண்டி ஓட்டினார், ஒருவர் வண்டிக்கு நேரம் குறித்தார், ஒருத்தி வண்டியைப் பற்றி ஊருக்குச் சொன்னாள். வண்டி போகாத சாலை அவர்களுக்குச் சாலையே அல்ல. பனி முகட்டின்மேல் கயிறு கட்டி ஏறலாம் என்று யோசித்தவர்களுக்கு, சாலையில் நடந்து போகலாம் என்று தோன்றவில்லை.

"ஒருத்தருக்காவது தோணிச்சா?" என்று அவள் திரும்பினாள். "உள்ளங்கை மாதிரின்னியே அண்ணே!"

"நான் அதுல நடந்ததே இல்லையேம்மா," என்றார் ஹாரன். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"உனக்கும்தான்…" என்று கணவர் தொடங்கினார்.

"பேசாதீங்க. எனக்குத் தெரியும். எனக்கும்தான் தோணல."

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. வழிகாட்டிகளையும் அலுவலகத்தையும் திட்டியதெல்லாம் திரும்பிவந்து அவள் தலையிலேயே உட்கார்ந்தது. அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் புரியவில்லை. ஆனால் ஒருத்தி அழப்போகிறாள் என்பது புரிந்தது. பையைக் கீழே வைத்தாள்.

"நல்ல வெயில் நாளாப் பாத்து வாங்க. விடியறப்ப கெளம்பினா மத்தியானத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்துடலாம். அங்க சூடா ஏதாவது குடிச்சிட்டு ஏறுங்க. வானிலைக்காரர் இடத்துக்கு அதுக்கு மேல அவ்வளவு தூரமில்ல. இடிஞ்ச வளைவுல மட்டும் பாத்துப் போகணும். லேட்டானா எங்க வீட்லயே படுத்துக்கங்க."

"எங்கள உங்களுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சவங்க யாரு இந்தக் குளிர்ல எங்க வீட்டுக்கு வர்றா?"

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேல இருக்கிறது என் தம்பி. நாங்க வர்றோம்னு சொல்லிடாதீங்க. வேணாம்னு சொன்னாக்கூடப் பரவால்ல. சரின்னு சொல்வான். அதான் எனக்குப் பயம்."

வெயில் நாள் சுலபமாகக் கிடைக்கவில்லை. குறித்த முதல் நாளில் பனி கொட்டியது. அடுத்த முறை வானம் நீலமாக இருந்தது, நிலைய மேலாளர் விடுப்புத் தரவில்லை. "மைக்ல யாரு பேசுவா? நானா?" என்றார். கடைசியில் விடுப்பும் வெயிலும் ஒரே நாளில் கூடியபோது அவள் சந்தோஷப்படவே மறந்துவிட்டாள்.

அண்ணன் தடுப்புவரை கொண்டுவந்து விட்டார். கூட நடக்க மறுத்துவிட்டார். "வண்டி போகாத இடத்துக்கு நான் போறதில்ல. இங்கயே இருக்கேன். ஏதாவதுன்னா ஒரு குரல் கொடுங்க."

"உன் குரல் எங்களுக்குக் கேக்கும். எங்க குரல் உனக்கு எப்படிண்ணே கேக்கும்?"

ஏற்றம் மெதுவாகத்தான் போயிற்று. கணவருக்கு மூச்சு வாங்கியது. அதை ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வளைவிலும் நின்று ஓய்வெடுப்பது திட்டத்திலேயே இருக்கிறது என்றார்.

"இது பஸ் ஸ்டாப் இல்லீங்க, ஏறுறதுக்கு யாரும் நிக்கல, வாங்க," என்று அவள் முன்னால் நடந்தபடி கத்தினாள். இரண்டு வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தாள். மறுபடி நின்றுகொண்டிருந்தார். இறங்கிப் போய் அவர் பையிலிருந்து பாதிச் சாமானை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வாயும் திட்டிக்கொண்டேதான் இருந்தது.

குவார்ட்டர்ஸை அடைந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அந்தப் பெண் அடுப்படியில் உட்காரவைத்து ஆளுக்கொரு கிண்ணம் சூப் கொடுத்தாள். "இன்னிக்கு இங்கயே தங்கிட்டு நாளைக்கு ஏறுங்களேன்," என்றாள். இவள் மறுத்துவிட்டாள். நாளைக்கு வானம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? நாளை காலை மைக் முன்னால் அவள் இருந்தாகவேண்டும் என்று மேலாளர் வேறு சொல்லியிருந்தார். அண்ணன் கீழே காத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் ஊட்டிவிட்டு, நிலா வெளிச்சத்திலாவது இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கணவர் அந்தக் கணக்கைக் கேட்டு வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அவர்கள் வாசல் தாண்டியதும் அந்தப் பெண் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து வானிலை நிலையத்தைக் கூப்பிட்டாள். கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. "சார், ரோடு தெரியாத ரெண்டு பேர் நடந்து வர்றாங்க. எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அப்புறம் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாயைக் கூப்பிட்டு, தானும் பின்னாலேயே கிளம்பினாள்.

இடிந்த வளைவில் சாலை பாதிதான் இருந்தது. மற்ற பாதி பள்ளத்தாக்கில் கிடந்தது. மலைப்பக்கமாக ஒட்டி நடந்து அதைத் தாண்டினார்கள். தாண்டியதும் மேலே, வெள்ளைச் சரிவில், ஒரு ஆள் கையில் நீளக் கம்போடு இறங்கிவருவது தெரிந்தது. தலையை முன்னால் நீட்டி, முழங்கால் இடிக்கிற மாதிரி நடக்கிற நடை. அது அவர்கள் அப்பாவின் நடை. அந்த நடை இருப்பது இப்போது உலகத்தில் ஒருவனுக்குத்தான்.

அவள் ஓடினாள். சாலையின் ஓரமெல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. அதன் அடியில் வடிகால் இருந்தது அவளுக்குத் தெரியாது. மூன்றாவது எட்டில் கால் உள்ளே போயிற்று. மெல்லிய பனிக்கட்டி உடைந்து, தொடைவரை தண்ணீர்.

அவன் ஓடிவந்து கம்பை நீட்டி இழுத்தான். தலையைச் சுற்றிய மப்ளரில் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. "ஓரத்துல போகக்கூடாதும்மா! ரோடு தெரியாம எதுக்கு நீங்க…" என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

"அக்கா?"

அவளுக்குப் பல் கிட்டியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? யாரக் கேட்டு வந்தீங்க?"

"உன்னக் கேட்டா சரின்னு சொல்வ!"

"சொன்னா என்ன தப்பு?"

"தப்புதான்டா!"

அவன் முகம் ஒட்டிப்போயிருந்தது. தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. அவளை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, மண்டியிட்டு, காலணியைக் கழற்றினான். ஈரக் காகிதம் கட்டியாக வெளியே வந்தது.

"இது என்ன கண்றாவி?"

"போன வருஷ அட்டவணை," என்றார் மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவர். "உபயோகமில்லாததுதான்."

தம்பி தன் பையிலிருந்து உலர்ந்த காலுறையை எடுத்து அவள் காலில் மாட்டினான். பாதத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே அவன் சொன்னான்: "எதுத்துப் பேசினா பேச்சு நீளும். நீண்டா நான் அழுதுடுவேன். சரின்னா முடிஞ்சுடும். அதான்க்கா."

"அழுதா என்னடா? நான் என்ன வேத்தாளா?"

"போன்ல அழுதா நீ அங்க என்ன செய்வ? இப்படித்தானே, வந்து சாக்கடைல விழுவ."

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பாட்டுக்கு என்ன, ஏகப்பட்டது இருக்கு." அவன் கால்களைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான். "ரெண்டு பேருக்குன்னு ஏத்தி அனுப்பிட்டாங்க. எல்லா வருஷமும் மாதிரி. யாரும் யோசிக்கல போல. அலமாரில ஒரு பக்கம் என்னோடது, ஒரு பக்கம் அவளோடது. அத எடுத்துத் திங்கவும் முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல. தினமும் அலமாரியத் தொறக்கணும், பாரு."

அவள் எழுந்துவிட்டாள். "வா. நான் வர்றேன். நான் வந்து சமைக்கிறேன்."

"ஈரத் துணியோட மேலயா? அங்க காத்து அறுக்குது. விரல் போயிடும்க்கா. கீழதான் போகணும், இப்பவே."

"போனா போகட்டும்!"

"அக்கா, விளையாடாத."

"எத்தனை நாள்டா இதுக்காக நாயா அலைஞ்சேன்! இவ்வளவு தூரம் வந்துட்டு, உன் வீட்டு வாசலக்கூடப் பாக்காம திரும்பணுமா?" அவள் காலை உதைத்தாள். கால் மரத்திருந்ததால் தடுமாறி மறுபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். நியாயமா இது என்று கேட்கிற பார்வை. மேலே இருப்பவருக்கு அந்த மாதிரிப் பார்வைகள் பழக்கம். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

கீழே வளைவில் நாய் குரைத்தது. அந்தப் பெண் கோட்டின் கையைத் தூக்கி ஆட்டியபடி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், இருட்டுமுன் அடுப்படிக்குப் போய்விடலாம். அங்கே போனதும் ஈரத்தை மாற்றிக்கொண்டு, விடியலில் கீழே இறங்கலாம். மேலாளருக்கு அங்கிருந்து போன் போட்டுவிடலாம், அண்ணன் காரிலேயே தூங்கிக்கொள்வார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தம்பி மட்டும் தனியாகத் திரும்பிப் போகவேண்டும்.

அதுவரை தம்பியின் கம்பை ஊன்றி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த கணவர் சொன்னார்: "நான் போறேன்."

"எங்க?"

"மேல. மச்சான்கூட."

"உங்களுக்கு மூச்சு வாங்குது!"

"மெதுவாப் போவோம். என் காலு உலர்ந்துதானே இருக்கு?"

"மாமா, வேணாம்," என்றான் தம்பி. "எனக்கு ஒண்ணுமில்ல. ரோடு திறக்க இன்னும் நாளாகும். நீங்க வேலையெல்லாம் விட்டுட்டு…"

"லீவ எதுக்குன்னு தெரியாமலே சேத்து வச்சுக்கிட்டே வந்தேன். இதுக்குத்தான் போல." அவர் கொஞ்சம் தயங்கி, தம்பியின் தோளைத் தொடாமல் தொட்டார். "அலமாரில இருக்கிற அந்தப் பங்க நான் சாப்பிட்டா அந்தப் பிள்ளை கோச்சுக்காது, மச்சான். இருந்தப்ப, நான் போதும் போதும்னாலும் ரெண்டாவது தடவை வச்சுட்டுத்தான் நகரும்."

தம்பி மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவர்கள் இரண்டு பேரும், வந்துசேர்ந்த அந்தப் பெண்ணும், நாயும்கூட, அவனை அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மாத்திரை வச்சிருக்கீங்களா?"

"இருக்கு, இருக்கு."

"மாத்துத் துணி ஒண்ணுகூட இல்லியே!"

"என்னோடத போட்டுக்கட்டும்," என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சியபடி.

"உன் சட்டையா? இவர் வயித்துக்கா? பட்டன் அடுத்த ஊருக்குப் பறக்கும்!"

"அப்ப போர்வையச் சுத்திக்கட்டும். யாரு பாக்கப்போறா?"

அவள் தன் மப்ளரை அவிழ்த்துக் கணவர் கழுத்தில் சுற்றினாள். இறுக்கிச் சுற்றினாள், கொஞ்சம் கோபமாகவும்தான். எத்தனையோ நாள் அவள் ஏங்கிய இடத்துக்கு, நேற்றுவரை சாப்பாட்டு மேசையில் காதைத் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் போகிறார். அவள் போகவில்லை. அந்த வருத்தம் போர்வை போட்டு மூடினாலும் தெரியும். ஆனால் நல்லது நடக்கும்போது அது நம் கையால்தான் நடக்கவேண்டும் என்று கடவுள் எங்கும் எழுதித் தந்ததில்லை.

"அவன அழ விடுங்க," என்று அவர் காதில் சொன்னாள். "அட்டவணை போடாதீங்க."

அவர் தலையாட்டினார். இரண்டு ஆண்களும் மேலே நடக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் அவள் இடுப்பில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். காலில் உயிர் திரும்புகிற வலி ஊசி ஊசியாக ஏறியது.

வளைவுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள். கணவர் அதற்குள் நின்றுவிட்டார், இடுப்பில் கைவைத்து. தம்பியும் நின்றான். அவர் முதுகுப்பையை அவன் பிடித்து இழுக்க, அவர் விடமாட்டேன் என்று வளைந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அவன் கையை வீசி வீசி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். அவரும் விடவில்லை.

"ஓரத்துல போகாதீங்கடா!" என்று அவள் கத்தினாள்.

கேட்டதோ இல்லையோ, இருவரும் சாலையின் நடுவுக்கு நகர்ந்தார்கள். பை தம்பியின் தோளுக்கு மாறியிருந்தது.